விசையை வசப்படுத்தியவர்

ஓய்விலுள்ள பொருளை இயக்குவது விசை. ஆயினும் விசை இருந்தால் மட்டும் போதாது. அது உரிய திசையில் செயற்பட வேண்டும். இவ்வுண்மையைக் கைகளால் கற்று, தம் மண்ணின் தேவைக்குப் பயன்படுத்தியவர் ஜி.டி. நாயுடு என அழைக்கப்பெற்ற கோபால்சாமி துரைசாமி நாயுடு.

இளமைப் பருவம்

கோவையை அடுத்த சூலூர் வட்டாரத்தில், கலங்கல் என்னும் சிற்றூரில், 1893ஆம் ஆண்டு மார்ச் 23ஆம் நாள் வேளாண் குடும்பத்தில் இவர் பிறந்தார். பள்ளிக்கல்வியில் அவர் மனம் ஒன்றவில்லை. தொடக்க வகுப்புகளிலேயே அது நின்றுபோனது.

ஆங்கிலேய அலுவலர் ஒருவர் மோட்டார் சைக்கிளில் ஊருக்கு வந்தார். மாடும் குதிரையும் இழுக்காமல் ஒரு வண்டி தானே ஓடியது இளைஞரை வியப்பில் ஆழ்த்தியது. அவ்வண்டியை வாங்கும் வேட்கையுடன் கோவை சென்று, உணவகத்தில் பணியாளராக உழைத்துப் பொருள் சேர்த்தார். வண்டி கைக்கு வந்ததும் அதைப் பகுதி பகுதியாகக் கழற்றி மீண்டும் பூட்டினார். முன்னும் பின்னும் மட்டுமே நகரும் உந்துதண்டின் இயக்கத்தை வணரித்தண்டு சுழற்சியாக மாற்றுவதையும், கனத்த சக்கரம் தன் நிலைமத்தால் அச்சுழற்சியைச் சீராகக் காப்பதையும் இயந்திரமே காட்டும். அதுவே அவருக்குப் பாடநூலாயிற்று.

தொழில் முயற்சிகள்

1920ஆம் ஆண்டில் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே ஒரே பேருந்தை இயக்கித் தொழிலைத் தொடங்கினார். அது பெரிய நிறுவனமாக வளர்ந்தது. மின்கலத்தால் இயங்கும் சிறிய சவரக்கருவி உள்ளிட்ட பல கருவிகளையும் அவர் உருவாக்கினார்.

கிணற்றடியில் ஒரு மாற்றம்

கொங்கு நாட்டில் மழை குறைவு, கிணறுகள் ஆழமானவை. உழவர்கள் கவலை இறைத்துப் பயிர் காத்தனர். சரிவான பாதையில் எருதுகள் கீழ்நோக்கி நடக்க, உருளையில் ஓடும் வடம் தோற்பையை மேலே இழுக்கும். எருதின் எடையையே துணைவிசையாக்கிய அம்முறை நுட்பமானது. எனினும் மனிதரும் மாடும் நாள்முழுதும் உழைத்துக் களைத்தனர். கோடையில் நீர்மட்டம் இறங்க, அவ்வுழைப்பு மேலும் கூடியது.

நூறு லிட்டர் நீரைப் பத்து மீட்டர் உயர்த்த ஏறத்தாழ 9,800 ஜூல் வேலை செய்ய வேண்டும். ஒரு குதிரைத்திறன் மோட்டார், இழப்புகளைக் கணக்கில் கொள்ளாவிடில், இவ்வேலையை 13 நொடிகளில் முடிக்கும். பைக்காரா மின்சாரம் 1930களில் கோவைப் பகுதிக்கு வந்தபோது, இங்கேயே மோட்டார் செய்யும் தேவை எழுந்தது.

1937ஆம் ஆண்டில் து. பாலசுந்தரம் நாயுடுவுடன் இணைந்து அவர் மின் மோட்டாரை உருவாக்கினார். இந்தியாவிலேயே செய்யப்பட்ட முதல் மின் மோட்டார் என அது போற்றப்படுகிறது. காந்தப்புலத்தில் வைக்கப்பட்ட கம்பியில் மின்னோட்டம் பாயும்போது கம்பியின்மீது விசை செயற்படும். சுருளின் இரு பக்கங்களிலும் விசைகள் எதிரெதிர்த் திசைகளில் தள்ள, சுருள் சுழலும். ஒன்றையொன்று எதிர்க்கும் விசைகளே இங்குத் திருப்புவிசையாகின்றன. அச்சுழற்சி எருதின் தோளிலிருந்த சுமையை ஏற்றது.

கல்விப் பணி

1945ஆம் ஆண்டு கோவையில் ஆர்தர் ஹோப் பெயரில் தொழிற்கல்வி நிறுவனம் அமைய இவர் பெருந்துணை புரிந்தார். பட்டறைப் பயிற்சி மிகுந்தால் பொறியியல் படிப்பின் கால அளவைக் குறைக்கலாம் என்பது அவர் கருத்து. அரசு அதனை ஏற்கவில்லை. தம் கொள்கையை விட்டுக்கொடுக்க மனமின்றி அவர் பொறுப்பைத் துறந்தார். பட்டமே இல்லாத ஒருவர் பட்டப்படிப்பின் முறையைக் கேள்விக்கு உள்ளாக்கியது அன்று சிலருக்கு விந்தையாகத் தோன்றியிருக்கலாம். ஆனால் அவர் பேசியது தம் பட்டறிவிலிருந்து.

1974ஆம் ஆண்டு சனவரி 4ஆம் நாள் அவர் மறைந்தார். மோட்டாரும் பம்பும் செய்யும் தொழிலில் கோவை இன்று சிறந்து விளங்குகிறது. கற்றதைச் செய்துபார்ப்பதும், செய்ததைப் பிறர் துயர் தீர்க்கப் பயன்படுத்துவதுமே அறிவியலின் பயன் என்பதை அவர் வாழ்வு உணர்த்துகிறது.