பதவியினும் பெரிய பணி

அமெரிக்க ஐக்கிய நாடுகளின் ஆறாம் குடியரசுத் தலைவராய் விளங்கியவர் ஜான் குவின்சி ஆடம்ஸ். இவர் 1767-ஆம் ஆண்டு சூலைத் திங்கள் 11-ஆம் நாள் மாசாசூசெட்ஸ் பகுதியில் தோன்றினார். இவர்தம் தந்தையார் ஜான் ஆடம்ஸ் அந்நாட்டின் இரண்டாம் குடியரசுத் தலைவர் ஆவார்.

ஆடம்ஸ் 1825 முதல் 1829 வரை தலைமைப் பதவி வகித்தார். 1828-இல் நிகழ்ந்த தேர்தலில் ஆண்ட்ரூ ஜாக்சனிடம் தோல்வியுற்றார். அத்தகைய உயர்பதவியினின்று நீங்கினோர் ஓய்வை நாடுதல் இயல்பு. ஆடம்ஸோ, 1831-இல் மக்கள் பிரதிநிதிகள் சபையில் ஓர் உறுப்பினராய் அமர்ந்தார். அதனை அவர் தாழ்வெனக் கருதினாரல்லர்.

அந்நாளில் அடிமை முறையை ஒழிக்குமாறு மக்கள் விடுத்த விண்ணப்பங்கள் சபையில் வந்து குவிந்தன. அவற்றை ஆராயாமலே ஒதுக்கிவிடுமாறு 1836-இல் சபை ஒரு விதி வகுத்தது. முறையிடும் உரிமை பறிபோயின், குடியாட்சி வெறும் பெயரளவே ஆகுமன்றோ? ஆகவே, ஆடம்ஸ் அவ்விதியை விடாது எதிர்த்து நின்றார். 1842-இல் அவர்மீது கண்டனத் தீர்மானம் கொணர்ந்தனர். ஏறத்தாழ இரண்டு வாரம் அவர் தம் தரப்பை எடுத்துரைத்தார், தீர்மானம் கைவிடப்பட்டது. 1844-இல் அவ்விதியும் நீங்கிற்று.

இதற்கிடையே, அமிஸ்டாட் என்னும் கப்பலில் அடிமைகளாய்க் கொண்டுசெல்லப்பட்ட ஆப்பிரிக்கர் சிலர், அக்கப்பலைக் கைப்பற்றிப் பின்னர்ச் சிறைப்பட்டனர். அவர்பொருட்டு, 1841-இல், தம் 73-ஆம் வயதில் ஆடம்ஸ் உச்ச நீதிமன்றத்தில் வழக்காடினார். அவர்கள் விடுதலை எய்தினர்.

1848-ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்கள் 21-ஆம் நாள் ஆடம்ஸ் சபையிலேயே மயங்கிச் சாய்ந்தார். இரண்டு நாள் கழித்து அம்மாளிகையிலேயே உயிர் நீத்தார். 1865-இல் அடிமை முறை ஒழிந்ததைக் காண அவர் இருந்திலர். எனினும், பதவியால் மனிதன் உயர்வதினும் பணியால் உயர்தலே நிலைத்த உயர்வாகும் என்பதற்கு அவர் வாழ்வு சான்றாய் நிற்கின்றது.