வ. உ. சிதம்பரம் பிள்ளை சட்டம் பயின்ற வரலாறு

ஏழைகட்காக வழக்காட விழையும் தம் மக்களை எச்சட்டக் கலாசாலைக்கு அனுப்பலாமெனச் சூலக்கரை அன்பர் சிலர் நம்மை வினவுகின்றனர். அன்னார்க்கு ஸ்ரீமான் வ. உ. சிதம்பரம் பிள்ளையவர்கள் சரித்திரத்தைக் கூறுகின்றோம்.

நமக்குத் தெற்கே ஒட்டப்பிடாரத்தில், வக்கீல் உலகநாத பிள்ளையவர்கட்கு 1872-இல் மைந்தராயுதித்த இவர், தாலூகா கச்சேரியில் குமாஸ்தாவாயிருந்து, பின்னர்த் திருச்சிராப்பள்ளி சென்று சட்டம் பயின்றார். அந்நாளில் சென்னையில் சட்டக் கலாசாலை இருந்தது. சீமை சென்று பாரிஸ்டரானோரும் இருந்தனர். இவர் தேறியதோ பிளீடர் பரீட்சையே. மதுரையிலும் திருநெல்வேலியிலும் அரசாங்கச் சட்டக் கல்லூரிகள் இருக்க, தூரதேசத்தையே நோக்கி ஏங்குவார் இதனைச் சிந்திப்பாராக.

1895 முதல் சொந்த ஊரில் வழக்காடினார். செல்வர் பக்கம் தந்தையார் நிற்க, எளியோர் பக்கம் மைந்தர் நின்ற வழக்குகளும் உண்டு. தந்தையார் மனம் என்ன பாடுபட்டதோ! 1908-இல் தூத்துக்குடி ஆலைத் தொழிலாளர் வேலைநிறுத்தத்திற்குத் துணைநின்றார். அவ்வாண்டே ராஜநிந்தனை வழக்கில் 40 ஆண்டுத் தண்டனை விதிக்கப்பெற்றது. அப்பீலில் அது குறைந்து 1912-இல் விடுதலையுற்றார். ஆயின் வக்கீல் சன்னது பறிபோயிற்று. சென்னையில் அக்குடும்பம் பட்ட வறுமையையும் பெற்றோர் அறிந்திருத்தல் நலம்.

பல்லாண்டு சென்றபின், வாலஸ் என்னும் ஆங்கில நீதிபதியார் முயற்சியால் சன்னது மீண்டது. அந்நன்றி மறவாது தம் மைந்தர்க்கு வாலேசுவரன் எனப் பெயரிட்டார். பின்னர் நமக்கணித்தாகிய கோவிற்பட்டியிலமர்ந்து மீண்டும் வழக்காடலானார்.