சித்திக்கு வந்த பெட்டகம்

எங்க சித்தி மாசமா இருக்காங்க. நர்சம்மா கொடுத்த பெட்டகத்தில் நெய், பேரீச்சம்பழம், இரும்புச்சத்து டானிக் எல்லாம் இருந்தன. டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு உதவித் திட்டமாம். யார் இவர்னு தேடிப் படித்தேன்.

1886-ல் புதுக்கோட்டையில் பிறந்தார். ஆண்கள் மட்டுமே படித்த கல்லூரியில் மகாராஜாவின் அனுமதியோடு சேர்ந்தார். 1912-ல் சென்னையில் டாக்டர் பட்டம் பெற்று, எழும்பூர் மகப்பேறு மருத்துவமனையில் பணியாற்றினார். சென்னை சட்டசபையின் முதல் பெண் உறுப்பினரும் இவர்தான். அங்கே பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் தனி மருத்துவமனை கேட்டார். தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்தவர், 1954-ல் அடையாற்றில் புற்றுநோய் மருத்துவமனை அமைத்தார். 1968-ல் மறைந்தார்.

அவர் பெயரில் அரசு தரும் உதவி 2006-ல் 6,000 ரூபாய். 2018-ல் 18,000 ஆனது.

சித்தி அஞ்சாவதோட நின்னவங்க. இதைப் படிச்சுக் காட்டினதும், பொண்ணு பிறந்தா படிப்பை நிறுத்தவே மாட்டேன்னு சொல்லிட்டாங்க.