லெயார்டும் முத்துவும்

நினிவே நகரின் அரண்மனைகளை மண்மேட்டிலிருந்து வெளிக்கொணர்ந்த ஓஸ்டன் ஹென்றி லெயார்டின் பெயரைச் சரித்திரம் கற்றோர் அறிவர். அவர் 1839-ஆம் ஆண்டு இங்கிலாந்தைவிட்டுப் புறப்பட்டது நினிவேயைத் தேடி அன்று; இலங்கையில் உத்தியோகம் பார்ப்பதற்காகவே. தரைவழியாகப் பயணம் செய்தவர், இடைவழியிலே பழைய நகரங்கள் புதையுண்ட மேடுகளில் மனத்தைப் பறிகொடுத்து, இலங்கையை மறந்தார். அவர் வந்து சேராத இலங்கைக்கு வந்து சேர்ந்தவர் அவருடைய தம்பி எட்கார் லியோபோல்ட் லெயார்ட். தமையனாரைப்பற்றி நூல்கள் பல உள. தம்பியாரைப் பறவை நூலோர் அன்றி வேறெவரும் நினைப்பதில்லை. ஆயினும் யாழ்ப்பாணத்தாராகிய நமக்கு உறவு தம்பியாரோடுதான்.

எட்கார் 1824-இல் இத்தாலி நாட்டுப் புளோரன்ஸ் நகரிற் பிறந்தார். தந்தையார் இலங்கைச் சிவில் சேவையில் இருந்தவர். 1840-களின் நடுப்பகுதியில் எட்கார் தம் மனைவியாருடன் இத்தீவுக்கு வந்தார். இராணுவ வைத்தியரும் பூச்சிகளை ஆராய்ந்தவருமான டெம்பிள்டனின் நட்பு இங்கே அவருக்குக் கிட்டியது. டெம்பிள்டன், இலங்கையிற் பிறந்த வைத்தியர் கெலார்ட், லெயார்ட் ஆகிய மூவரின் உழைப்பினால் இந்நாட்டின் பறவைகளில் 320-க்கு மேற்பட்ட இனங்கள் அறியப்பட்டன என்று, குடியேற்றநாட்டுச் செயலாளராயிருந்த எமர்சன் தெனன்ட் தம் நூலில் எழுதிவைத்தார்.

லெயார்ட் பருத்தித்துறையில் வாழ்ந்த காலமே நமக்கு வேண்டியது. பருத்தித்துறையின் கற்கரையிலிருந்து மேற்கே வேலணை, ஊர்காவற்றுறை, புங்குடுதீவு, நயினாதீவு, நெடுந்தீவு ஈறாக நிலத்தின் இயல்பு பெரும்பாலும் ஒன்றே. அடியிலே சுண்ணாம்புக்கல், மேலே மெல்லிய மண், பனங்கூடல், முட்பற்றை. யானையும் மரையும் உலவும் வன்னிக்காடு இங்கில்லை. ஆகவே துவக்கோடு புறப்பட்டவனுக்கு இங்கே வாய்த்தவை முயலும் பறவையுமே. பறவைகளுள்ளும் தலையாயது கௌதாரி.

கௌதாரியை இலங்கை முழுவதிலும் காண்டல் இயலாது. வடக்கிலும் வடமேற்கிலும் உள்ள வறண்ட கரையோரமே அதன் நாடு. மழை மிகுந்த தெற்கு அதற்கு ஒவ்வாது. விஞ்ஞானிகள் அதற்கு இட்ட பெயரிலே புதுச்சேரி இருக்கிறது; 18-ஆம் நூற்றாண்டிலே பிரெஞ்சுப் பயணியாகிய சொன்னெரா அங்கிருந்து விவரித்த பறவை அது. விடியற்புறத்தில் பற்றைக்குள்ளிருந்து ஒன்று கூவ, வேலிக்கப்பாலிருந்து மற்றொன்று மறுமொழி சொல்லும். மனிதனைக் கண்டால் பறப்பதிலும் ஓடுவதையே விரும்பும். தப்பவே வழியில்லை என்ற வேளையில் காலடியிலிருந்து படபடவென்று செட்டையடித்துக் கிளம்பித் தாழ்வாகப் பறந்து, சிறு தூரத்தில் மீண்டும் பற்றைக்குள் விழும். வெடி வைப்பவனுக்கு வாய்ப்பது அந்த இரண்டொரு நொடிப்பொழுதே. நெடுந்தீவிலே வெண்கற்களை அடுக்கிய மதில்கள் வளவுக்கு வளவு குறுக்கிடுதலால், அந்தச் சிறுபொழுதும் பாதியாகிவிடும்.

லெயார்டின் காலத்துத் துவக்கை இன்று நூதனசாலையிலே காண்கிறோம். குழலின் வாய்வழியே வெடிமருந்தை அளந்து கொட்டி, அடைப்பை வைத்து, கம்பியால் இடித்துக் கெட்டித்து, மேலே ஈயச் சன்னத்தை இட்டு, மீண்டும் அடைத்து, பின்புறத்து முலைமேல் செம்பாலாகிய சிறு வெடிமூடியைப் பொருத்தவேண்டும். இரட்டைக் குழலாயின் இவ்வளவும் இருமுறை. இரும்பையும் உருக்கையும் முறுக்கிக் காய்ச்சி அடித்த குழல்களில் நீரலைபோன்ற வரிகள் தெரியும். அழகிலே அவற்றுக்கு நிகர் பின்னர் வரவில்லை என்பது என் எண்ணம். ஆனால் கடற்காற்றின் ஈரம் மருந்திற் புகுந்தால், மூடி மட்டும் வெடித்து, துவக்கு ஊமையாய் நிற்கும். பறவை நூலோருக்கு வேறொரு சங்கடமும் உண்டு. கௌதாரிக்கு இடும் சன்னத்தைச் சிறு குருவிக்கு இட்டால், ஆராய்வதற்குக் குருவியே எஞ்சாது. அதற்கென்று தூள்போன்ற சன்னமும் குறைந்த மருந்தும் வேண்டும்.

இன்றைய மாணவர்கள், பறவைகளை ஆராய்ந்தவர் அவற்றை ஏன் கொன்றார் என்று கேட்கிறார்கள். நியாயமான கேள்வியே. கண்ணாடிப் பட்டகம் பொருத்திய இரட்டைத் தொலைநோக்கி 1890-களிலேதான் கடைக்கு வந்தது. லெயார்டின் நாளில் கைக்கு வராத பறவை கணக்குக்கும் வராது. கைக்கு வந்ததன் தோலை இறகு சிதையாமல் உரித்து, உட்புறத்திற் பாஷாணம் கலந்த சவர்க்காரம் பூசி, பஞ்சடைத்து, கல்கத்தாவில் நூதனசாலைப் பொறுப்பிலிருந்த பிளைத் போன்றவர்களின் தீர்ப்புக்கு அனுப்புவர்.

சேகரிப்பவருக்குத் தோல் வேண்டும். ஊராருக்கு இறைச்சி வேண்டும். எங்கள் வேலணை வீட்டிலும் நான் சிறுவனாயிருந்தபோது கௌதாரி சமைத்தார்கள். என் பேரனாரிடம் தோட்டா இடும் பழைய இரட்டைக் குழல் துவக்கு ஒன்று இருந்தது. கௌதாரி இறைச்சி கொழுப்பற்றது. நெருப்பில் வாட்டினால் மரச்சக்கையாகிவிடும். ஆதலால் பேர்த்தியார் அதனைத் தோலுரித்துத் துண்டமாக்கி, மஞ்சளும் உப்பும் பிரட்டி, வெங்காயத்தோடு வதக்கி, இரண்டாம் தேங்காய்ப்பாலில் மூடி அவியவிடுவார். வறுத்திடித்த மிளகாய்த்தூளும் மிளகும் சீரகமும் அதற்குப் பின். தடித்த முதற்பாலை இறக்குந் தறுவாயிலேதான் விடுவார். ஒடியற்பிட்டுக்கு அதைவிடச் சிறந்த துணையை நான் இன்றுவரை உண்டதில்லை. உண்ணும்போது பேச்சு இராது. பல்லில் ஈயச் சன்னம் தட்டுப்படும். அதை எடுத்துத் தட்டின் ஓரத்தில் வைப்போம். யாருடைய தட்டில் அதிகம் என்று பிள்ளைகளாகிய நாங்கள் எண்ணிப்பார்ப்போம். ஈயம் உடலுக்கு நஞ்சு என்பதை அக்காலத்தில் எங்கள் வீட்டில் எவரும் எண்ணவில்லை.

அந்தச் சமையல் இனி இல்லை. போர்க்காலத்தில் ஊர்த் துவக்குகள் மறைந்தன. 1937-ஆம் ஆண்டுக் கட்டளைச் சட்டமும் அதன் பின்வந்த திருத்தங்களும் காட்டுப் பறவைகளைக் காக்கின்றன. 2015-இல் நெடுந்தீவின் ஒரு பகுதி தேசியப் பூங்காவாயிற்று. இழப்பு என்று இதனை நான் கருதவில்லை.

லெயார்டிடம் நான் மதிக்கும் பண்பு ஒன்று உண்டு. தம் பறவைக் குறிப்புகளில் இலத்தீன் பெயரோடு நில்லாமல், நாட்டு மக்கள் வழங்கிய சிங்களப் பெயரையும் தமிழ்ப் பெயரையும் அவர் குறித்துச் சென்றார். தமிழை மலபார் என்று எழுதுவது அக்கால ஆங்கிலேயர் வழக்கு. அவரும் அவ்வாறே எழுதினார். பெயர்களைக் கேட்டறிய வேண்டுமாயின் ஊராரோடு பேசவேண்டும் அன்றோ? பேசியிருக்கிறார்.

1854-இல் அவர் இலங்கையை விட்டுத் தென்னாபிரிக்கா சென்றார். மறு ஆண்டு கேப் டவுன் நூதனசாலையின் பொறுப்பை ஏற்றார். அந்நாட்டுப் பறவைகளைப்பற்றிய அவருடைய நூல் 1867-இல் வெளிவந்தது. பின்னர் பிரேசில், பீஜி, நியூ கலிடோனியா என்று உத்தியோகம் அவரைக் கடல்தோறும் அலைத்தது. சென்ற இடமெல்லாம் பறவை சேகரித்தார். பிற்காலத்தில் மகனும் உடன் சேர்ந்தார். 1900-ஆம் ஆண்டு சனவரி முதல் நாள் இங்கிலாந்தில் உயிர் நீத்தார்.

இனி, இக்கட்டுரையை நான் எழுதக் காரணமான செய்திக்கு வருகிறேன். லெயார்டிடம் முத்து என்றொரு பணியாளர் இருந்தார். துரையை அவர் என்றும் பணியாளரை அவன் என்றும் எழுதும் பழைய வழக்கத்தை நான் இங்கே கைக்கொள்ளவில்லை. தம்மிடமிருந்த சிறந்த பறவைகள் பல முத்துவின் பொறுமையினாலும் வேட்டைத் திறத்தினாலும் கிடைத்தவை என்று லெயார்டே ஒப்புக்கொண்டிருக்கிறார். பருத்தித்துறையில் ஒரு யூன் மாதக் காலையில் முத்து ஒரு சிறு குருவியைக் கொண்டுவந்து கொடுத்தார். மங்கிய பழுப்பு நிறம், வெண்தொண்டை, பெரிய கண். விரலளவே உள்ள ஈப்பிடிப்பான். வடகிழக்கிந்தியாவிலும் பர்மாவிலும் சீனத்திலும் கூடு கட்டி, குளிர்காலத்தைக் கழிக்கத் தென்னிந்தியாவுக்கும் இலங்கைக்கும் வரும் பறவை அது. யூன் மாதம் அது இங்கே இருக்கவேண்டிய காலமே அன்று. வழி தவறியதோ, திரும்பிச் செல்ல வலிமையற்று நின்றதோ, முத்துவின் கண்ணுக்கு அது தப்பவில்லை. கறிக்கு உதவாத அந்தக் குருவியை வேறொருவர் ஏறெடுத்தும் பாரார்.

விஞ்ஞானம் அதுவரை பெயரிடாத இனம் அது என்று லெயார்ட் கண்டார். இலங்கைக்கே உரிய மரகதக் கழுத்துக் கிளி ஒன்று 1849-லேயே அவருடைய மனைவியாரின் குடும்பப் பெயரைப் பெற்றிருந்தது. ஆளுநர்களும் பிரபுக்களும் தம் பெயர் தாங்கிய பறவைக்காகக் காத்திருந்த காலம் அது. லெயார்ட் 1854-இல் இக்குருவிக்கு முத்துவின் பெயரையே இலத்தீன் ஈற்றோடு சேர்த்து, முத்துயி என்று இட்டார். அவர் அதனை வைத்த பேரினத்தைப் பின்வந்தோர் மாற்றினர். இனப்பெயரை மாற்றவில்லை, முந்தி வெளியான பெயரே நிலைக்கும் என்பது அவர்கள் விதி. ஆங்கில நூல்கள் சிலவற்றில் அதே குருவிக்கு லெயார்டின் ஈப்பிடிப்பான் என்று பெயர்.