கையில் ஒரே ஒரு சிங்கிள்ஸ் பட்டம்தான்... ஆனாலும் மெக்சிகோ மறக்காத ரஃபேல் ஒசூனா யார்?

ஒரு டென்னிஸ் வீரரை நாம் எப்படி அளக்கிறோம்? எத்தனை கிராண்ட்ஸ்லாம் என்று எண்ணுவோம், அவ்வளவுதான். அந்தக் கணக்கில் மெக்சிகோவின் ரஃபேல் ஒசூனாவுக்கு டபுள்ஸில் மூன்று, சிங்கிள்ஸில் ஒன்றே ஒன்று. இது குறைவாகத் தெரிகிறதா? கொஞ்சம் பொறுங்கள். அவர் இறந்து அரை நூற்றாண்டுக்கு மேல் ஆகிவிட்டது. இன்றுவரை சிங்கிள்ஸில் அந்த ஒன்றைக்கூட வேறு எந்த மெக்சிகோ வீரரும், வீராங்கனையும் தொடவில்லை. இந்தக் கதையில் நம்ம சென்னைக்கும் ஒரு பக்கம் உண்டு.

முதலில் கதவைத் திறந்தது யார்?

மெக்சிகோவின் பெண்கள். 1958 பிரெஞ்சு சாம்பியன்ஷிப்பில் ரோசி ரேயஸ், யோலா ரமீரெஸ் ஜோடி டபுள்ஸ் பட்டம் வென்றது. 1960, 1961 என அடுத்தடுத்து இரண்டு ஆண்டுகள் ரமீரெஸ் அங்கே சிங்கிள்ஸ் இறுதிப் போட்டி வரை போனார். இரண்டிலும் தோல்வி. அந்தக் கடைசிப் படியைத் தாண்டியவர்தான் ஒசூனா.

1938-ல் மெக்சிகோ சிட்டியில் பிறந்தவர். செல்லப்பெயர் 'பெலோன்', அதாவது மொட்டை. 1960-ல் அமெரிக்காவின் டென்னிஸ் ரால்ஸ்டனுடன் விம்பிள்டன் டபுள்ஸ் ஆடினார். தரவரிசை வழங்கப்படாத அந்த ஜோடி கோப்பையோடு திரும்பியது. அப்போது ஒசூனாவுக்கு வயது 21, ரால்ஸ்டனுக்கு 17. லாஸ் ஏஞ்சலிஸில் தெற்கு கலிபோர்னியா பல்கலைக்கழகத்தில் படித்தபடியே, 1962-ல் அமெரிக்கக் கல்லூரிகளின் சிங்கிள்ஸ் சாம்பியனும் ஆனார்.

சென்னை எங்கே வருகிறது?

அதே 1962-ல், டேவிஸ் கோப்பையில். இது நாடுகளுக்கு இடையிலான போட்டி. அன்று நான்கு சிங்கிள்ஸ், ஒரு டபுள்ஸ். அதில் மூன்றை வென்றால் ஜெயம். ஒசூனாவும் அன்டோனியோ பலாஃபாக்ஸும்தான் மெக்சிகோவின் இரு தூண்கள். அந்த அணி அமெரிக்காவையே 3-2 என வீழ்த்தியது. பிறகு மெட்ராஸில் இந்தியாவை 5-0 எனத் துடைத்துவிட்டு இறுதிப் போட்டிக்குப் போனது. அங்கே, பிரிஸ்பேனில், ஆஸ்திரேலியாவிடம் 0-5. ராட் லேவர் ஆடிய அணி அது. அந்தப் பூஜ்ஜியத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

அந்த ஒரு பட்டம் எப்படி வந்தது?

1963, நியூயார்க்கின் ஃபாரஸ்ட் ஹில்ஸ். அரையிறுதியில் அந்த ஆண்டின் விம்பிள்டன் சாம்பியன் சக் மெக்கின்லியை வென்றார். இறுதியில் எதிரே ஃபிராங்க் ஃப்ரோலிங். நெட்டை ஆள், பயங்கரமான சர்வ். ஒசூனா என்ன செய்தார் தெரியுமா? பேஸ்லைனுக்கு வெகு பின்னால் போய் நின்று, பந்தை உயரமாக லாப் செய்து திருப்பி அனுப்பினார். எதிராளி அதற்குப் பழகும்போது சட்டென முன்னால் வந்து நின்று அடித்தார். ஃப்ரோலிங்கின் தாளம் கெட்டுப்போனது. 7-5, 6-4, 6-2. உடல்பலத்தை மூளையும் காலும் ஜெயித்த ஆட்டம்.

அந்த ஆண்டு அவர் உலகின் முதல்நிலை அமெச்சூர் வீரர். 'அமெச்சூர்' என்ற சொல் இங்கே முக்கியம். அன்று பணத்துக்கு ஆடும் தொழில்முறை வீரர்களுக்கு கிராண்ட்ஸ்லாமில் இடமில்லை. லேவரும் அதற்குள் அந்தப் பக்கம் போய்விட்டார். அதே விதியால், ஜெயித்த ஒசூனாவுக்கும் பரிசுப் பணம் கிடையாது. பிழைப்புக்குத் தனியாக வேலை பார்க்க வேண்டியிருந்தது.

கடைசி இரண்டு வாரங்கள்

1969 மே மாதக் கடைசி. மெக்சிகோ சிட்டியில் மீண்டும் டேவிஸ் கோப்பை, மீண்டும் ஆஸ்திரேலியா. உலகப் போருக்குப் பிறகு 1946 முதல் 1968 வரை ஒரு இறுதிப் போட்டியைக்கூட தவறவிடாத நாடு. லேவர் போன்ற பெரிய தலைகள் இந்த அணியில் இல்லை என்பது உண்மைதான். ஆனால் ஒசூனாவுக்கும் வயது 30. இரண்டு சிங்கிள்ஸ், விசென்டே சராசுவாவுடன் ஒரு டபுள்ஸ் என ஆடிய மூன்றையும் ஜெயித்தார். முடிவைத் தீர்மானித்த ஐந்தாவது ஆட்டத்தில் அவரிடம் தோற்றவர் முன்னாள் ஆஸ்திரேலிய சாம்பியன் பில் பௌரி. மெக்சிகோ 3, ஆஸ்திரேலியா 2. ஏழு வருஷத்துக்கு முந்தைய அந்தப் பூஜ்ஜியத்துக்குப் பதில் கிடைத்தது.

அதைக் கொண்டாடி முடிக்க இரண்டு வாரம்கூட இல்லை. ஜூன் 4 அன்று மெக்சிகோ சிட்டியிலிருந்து மான்டெர்ரே போன விமானம் மலையில் மோதியது. அதில் இருந்த 79 பேரும் இறந்தார்கள். ஒசூனாவும் அதில் ஒருவர்.

இன்று?

மெக்சிகோ சிட்டியில் ஒரு டென்னிஸ் அரங்கம் அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது. 2025 அமெரிக்க ஓபன் முதல் சுற்றில் மேடிசன் கீஸை வெளியேற்றிய மெக்சிகோ வீராங்கனை ரெனாட்டா சராசுவா உங்களுக்கு ஞாபகம் இருக்கலாம். கடைசி வெற்றியில் ஒசூனாவின் பக்கத்தில் நின்று டபுள்ஸ் ஆடிய விசென்டே, ரெனாட்டாவுக்குத் தாத்தா முறை. இன்னொரு மெக்சிகோ பெயர் அந்தப் பட்டியலில் ஏறுமா என்ற காத்திருப்பு மட்டும் 1963-லிருந்து தொடர்கிறது.