முப்பத்தெட்டு வயதில் ஆர்க்கிடெக்ட் ஆனவர்

கோவளத்துக்கும் மாமல்லபுரத்துக்கும் நடுவே சைட் சைட்டாக அலைவதுதான் என் பிழைப்பு. போன வருஷம் அங்கே கடலைப் பார்த்த ஒரு பழைய வீட்டை இடிக்க எஸ்டிமேட் கேட்டார்கள். 1960-களில் கட்டிய வீடு. நடுவே முற்றம், சுற்றிலும் ஓட்டுக்கூரை. உப்புக்காற்றில் கம்பி துருவேறி லிண்டல் வெடித்திருந்தது. யோசிக்காமல் எஸ்டிமேட் போட்டுக் கொடுத்தேன். பத்தே நாளில் வீடு தரைமட்டம். அந்த உறுத்தலில் தேடிப் படித்ததுதான் இலங்கைக் கட்டடக் கலைஞர் ஜெஃப்ரி பாவாவின் வாழ்க்கை. நம் ஜூனியர்களுக்கும் பயன்படும் என்று இங்கே எழுதுகிறேன்.

பாவா 1919-இல் கொழும்பில் பிறந்தார். தகப்பனார் வக்கீல், வசதியான குடும்பம். மகன் கேம்பிரிட்ஜில் ஆங்கில இலக்கியம் படித்தார். அப்புறம் லண்டனில் சட்டம். ஊர் திரும்பி வக்கீல் தொழில் பார்த்தார், மனசு ஒட்டவில்லை. தாயார் இறந்தபின் அதையும் விட்டுவிட்டுத் தேசம் தேசமாகச் சுற்றினார். 1948-இல் பெந்தோட்டை அருகே ஏரிக்கரையில் ஒரு ரப்பர் தோட்டத்தை வாங்கி லுணுகங்கை என்று பெயர் வைத்தார். சிங்களத்தில் உப்பு ஆறு என்று அர்த்தம். தோட்டத்தைத் தன் இஷ்டப்படி மாற்ற ஆசை, தொழில்தான் தெரியவில்லை. மறுபடி லண்டன் போய் ஆர்க்கிடெக்சர் படித்துத் தேறினார். அது 1957. வயது 38!

அப்போது இலங்கையில் அந்நியச் செலாவணித் தட்டுப்பாடு. இரும்பும் கண்ணாடியும் நினைத்தபடி கிடைக்காது. பாத்திக் கலைஞர் ஏனா டி சில்வாவுக்காக 1960-62-இல் கொழும்பில் பாவா கட்டிய வீடு அதற்குச் சரியான பதில். சின்ன மனை, நடுவே பெரிய முற்றம், அதைச் சுற்றி அறைகள், தெருப் பக்கம் சுவர். காற்றும் வெளிச்சமும் முற்றத்து வழியாகவே வந்துவிடும். நெளி சிமென்ட் ஷீட் போட்டு அதன்மேல் நாட்டு ஓடு பதிக்கும் முறையையும் பாவாவின் அலுவலகம் பிரபலமாக்கியது. ஓட்டின் அழகும் போகாது, மழைக்கும் ஒழுகாது.

நாம் பெருமைப்பட இன்னொரு விஷயம். 1967-லிருந்து சுமார் இருபது வருஷம் அவருடைய பார்ட்னராக இருந்தவர் பூலோகசுந்தரம் என்ற தமிழ் இன்ஜினீயர். கோட்டேயில் 1982-இல் திறந்த நாடாளுமன்றம் அந்தக் காலத்து வேலைதான். நம் பக்கமும் பாவா வந்திருக்கிறார்: 1970-களில் மதுரை கிளப்பைக் கட்டினார், சென்னை கன்னிமாரா ஓட்டலைப் புதுப்பித்தார்.

பாவா 2003-இல் காலமானார். 2009-இல் ஏனாவின் வீட்டு மனை கைமாறியது. சாதாரணமாக என்ன நடக்கும்? நான் செய்ததுதான் நடக்கும். ஆனால் அங்கே ஜெஃப்ரி பாவா அறக்கட்டளை வீட்டை முழுதும் அளந்து வரைந்தது. தூண், கதவு, ஜன்னல், கல் என்று ஒவ்வொன்றுக்கும் நம்பர் போட்டுப் பிரித்தார்கள். சுமார் அறுபது கிலோமீட்டர் தெற்கே லுணுகங்கைக்குக் கொண்டுபோய், பல வருஷம் பாடுபட்டு அதே வீட்டைத் திரும்ப எழுப்பினார்கள்.

எல்லா வீட்டையும் இப்படித் தூக்கி வைக்க முடியாது, செலவு தாங்காது. ஆனால் ஒரு டேப்பும் நோட்டும் எடுத்துக்கொண்டு, இடிக்கும் முன் ஒரு நாள் அளந்து வரைந்து வைக்க யாராலும் முடியும். நான் அதைக்கூடச் செய்யவில்லை. ஜூனியர்களே, நீங்கள் செய்யுங்கள். நம் கடற்கரையில் இன்னும் சில வீடுகள் மிச்சம் இருக்கின்றன.