ராதாகிருஷ்ணனும் ஒரு காலத்தில் ‘டிரெயினி’தான்: சைதாப்பேட்டையில் தொடங்கி ஜவ்வாது மலை வரை வரும் கதை

காலை நேரம். கையில் சுருட்டிய சார்ட் பேப்பர், பையில் லெசன் பிளான் நோட்டு. பி.எட். படிக்கும் ஒருவர் போளூரில் ஜமுனாமரத்தூர் பஸ் ஏறுகிறார் என்று வைத்துக்கொள்வோம். இன்டெர்ன்ஷிப்புக்கு ஜவ்வாது மலையில் ஒரு பள்ளி கிடைத்திருக்கிறது. உளவியல் பேப்பரில் நல்ல மார்க். பியாஜே, வைகாட்ஸ்கி எல்லாம் தலைகீழ்ப் பாடம்.

முதல் பீரியட். வேகம், தூரம், நேரம் கணக்கு. மெட்ரோ ரயிலை உதாரணமாகச் சொல்கிறார். வகுப்பில் சத்தமே இல்லை. ரயிலையே நேரில் பார்க்காத பிள்ளைகள் அங்கே இருக்கலாம் என்பது அப்போதுதான் உறைக்கிறது. 40 நிமிடத்துக்குத் தயார் செய்த பாடம் 12 நிமிடத்தில் தீர்ந்துவிடுகிறது. மீதி நேரம் என்ன பண்ணுவது?

ஆசிரியர் ஆக நினைக்கும் எல்லோருக்கும் இப்படி ஒரு முதல் நாள் உண்டு. செப்டம்பர் 5 அன்று நாடே யாருடைய பிறந்தநாளை ஆசிரியர் தினமாகக் கொண்டாடுகிறதோ, அந்த சர்வபள்ளி ராதாகிருஷ்ணனும் ஒரு காலத்தில் டிரெயினியாக உட்கார்ந்தவர்தான். அதுவும் நம்ம சென்னை சைதாப்பேட்டையில். அவர் வாழ்க்கையில் பலரும் வேகமாகத் தாண்டிப்போகும் பக்கம் இது.

வட ஆர்க்காட்டுப் பையன்

ராதாகிருஷ்ணன் பிறந்தது 1888 செப்டம்பர் 5, திருத்தணியில். அன்றைக்குத் திருத்தணி வட ஆர்க்காடு மாவட்டத்தைச் சேர்ந்தது. ஜவ்வாது மலையின் போளூர்ப் பக்கமும் அதே மாவட்டம்தான். வீட்டில் பேச்சு தெலுங்கு. அப்பாவுக்கு உள்ளூர் ஜமீனில் வருவாய் சார்ந்த சின்ன உத்தியோகம். பெரிய வசதி கிடையாது. ஸ்காலர்ஷிப் இருந்ததால்தான் படிப்பு நகர்ந்தது.

திருப்பதியில் லூத்தரன் மிஷன் பள்ளி, பிறகு வேலூரில் ஊரிஸ் கல்லூரி. வேலூரில் இருந்து சுமார் 25 கிலோமீட்டர் போனால் ஜவ்வாது மலையின் அடிவாரமான அமிர்தி காடு வந்துவிடும். அந்த மலைக்குப் பக்கத்து ஊரில்தான் அவருடைய டீன் ஏஜ் போனது. அங்கிருந்து சென்னை கிறிஸ்தவக் கல்லூரிக்குப் போனார்.

மூணு பழைய புத்தகம்

தத்துவத்தை அவர் விரும்பித் தேர்ந்தெடுத்தார் என்று நினைத்தால், அப்படி இல்லை. என்ன படிப்பது என்று குழம்பிக்கொண்டிருந்த நேரம். அதே கல்லூரியில் படித்து முடித்த உறவுக்காரர் ஒருவர், தன்னிடம் இருந்த தத்துவப் பாடநூல்களைக் கொடுத்துவிட்டார். உளவியல் ஒன்று, தர்க்கம் ஒன்று, அறவியல் ஒன்று. புது புத்தகம் வாங்கும் செலவு மிச்சம். பாடம் முடிவாகிவிட்டது.

அந்த உளவியல் புத்தகத்தை ஞாபகம் வச்சுக்கோங்க. சைதாப்பேட்டையில் மறுபடியும் வரும்.

1908இல் எம்.ஏ. பட்டத்துக்காக வேதாந்தத்தின் அறவியல் பற்றி ஆய்வுக் கட்டுரை எழுதினார். வயது 20. அடுத்த வருடம், 1909 ஏப்ரலில், சென்னை மாநிலக் கல்லூரியில் தத்துவத் துறையில் வேலை கிடைத்தது. படித்தது தத்துவம். ‘எப்படிச் சொல்லித் தருவது’ என்பதற்கு அதுவரை பயிற்சி எதுவும் இல்லை.

முதலில் வேலை, அப்புறம் பயிற்சி

1910இல் அவரை சைதாப்பேட்டை ஆசிரியர் கல்லூரிக்கு எல்.டி. படிக்க அனுப்பினார்கள். இன்றைக்கு நாம் சொல்லும் பி.எட்.டுக்கு முன்னோடி அந்தப் பட்டம். வயதானவர்களிடம் கேட்டுப் பாருங்கள், ‘பி.ஏ., எல்.டி.’ என்று போர்டு மாட்டிய தலைமை ஆசிரியர்களை நினைவு வைத்திருப்பார்கள்.

அந்தக் கல்லூரிக்கும் ஒரு கதை உண்டு. 1856இல் அரசு நார்மல் பள்ளி என்ற பெயரில் ஆரம்பித்தது. ஆசிரியர்களைத் தயார் செய்யவே ஏற்பட்ட இடம். பாடம் கேட்க ஒரு கட்டிடம், பாடம் நடத்திப் பழகப் பக்கத்திலேயே ஒரு மாதிரிப் பள்ளி என்பதுதான் இப்படிப்பட்ட நிறுவனங்களின் அமைப்பு. மருத்துவக் கல்லூரிக்கு ஆஸ்பத்திரி எப்படியோ, ஆசிரியர் கல்லூரிக்கு மாதிரிப் பள்ளி அப்படி. சைதாப்பேட்டையில் அந்த இரண்டும் இன்றைக்கும் இருக்கின்றன.

சைதாப்பேட்டையில் என்ன நடந்தது?

எல்.டி. படிப்பில் உளவியல் முக்கியமான பாடம். குழந்தை எப்படிக் கவனிக்கிறது, எப்படி நினைவில் வைக்கிறது, எப்போது சலித்துப்போகிறது என்பதெல்லாம் தெரியாமல் பாடம் நடத்த முடியாது அல்லவா? சக பயிற்சி மாணவர்களில் பலருக்கு அந்தப் பாடம் புதுசு. ராதாகிருஷ்ணனுக்கோ, உறவுக்காரர் கொடுத்த அந்தப் பழைய புத்தகக் காலத்திலிருந்தே பழகிய விஷயம்.

அவருக்கு இருந்த பிடிப்பைப் பேராசிரியர் கவனித்தார். மற்றவர்களுக்கு நீங்களே உளவியல் விரிவுரை நடத்துங்கள் என்று ஒப்படைத்துவிட்டார் என்கின்றன அவருடைய வாழ்க்கை வரலாறுகள். ஆக, பயிற்சி பெற வந்தவர் பயிற்சி கொடுப்பவராக நின்றார். எதிரே உட்கார்ந்திருந்தவர்கள் எல்லோரும் நாளைக்கு ஆசிரியர் ஆகப்போகிறவர்கள். புரியவில்லை என்றால் முகத்திலேயே தெரிந்துவிடும்.

அந்த விரிவுரைகள்தான் 1912இல் உளவியலின் அடிப்படைகள் பற்றிய சிறு நூலாக வெளிவந்தன. பின்னாளில் இந்தியத் தத்துவம் பற்றிப் பெரிய பெரிய தொகுதிகள் எழுதிய ஒருவரின் ஆரம்பகாலப் புத்தகங்களில் ஒன்று, ஒரு டிரெயினி தன் கிளாஸ்மேட்டுகளுக்கு நடத்திய பாடத்தில் இருந்து பிறந்தது.

இது இப்போதும் நடக்கிறதா?

நடக்கிறது. பி.எட். படித்தவர்களுக்கு ‘மைக்ரோ டீச்சிங்’ தெரியும். சக மாணவர்களையே பிள்ளைகளாக உட்காரவைத்து, ஐந்து பத்து நிமிடம் ஒரே ஒரு திறனை மட்டும் பழகுவது. கேள்வி கேட்பது ஒரு நாள், கரும்பலகையைப் பயன்படுத்துவது இன்னொரு நாள். முடிந்ததும் எல்லோரும் குறை நிறை சொல்வார்கள். சரி செய்து மறுபடி நடத்த வேண்டும். 1963 வாக்கில் அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் இந்த முறை உருவானது. நோக்கம், முறை எல்லாம் வேறு என்றாலும், சகாக்கள் முன்னால் நின்று பாடம் நடத்திய அனுபவம் ராதாகிருஷ்ணனுக்கு 1910லேயே கிடைத்துவிட்டது.

ஆனால் இதில் ஒரு சிக்கல் இருக்கிறது. கிளாஸ்மேட்டுகள் நல்ல ஆடியன்ஸ். கேள்வி கேட்டால் பதில் சொல்வார்கள், தப்பாக நடத்தினாலும் தலையாட்டுவார்கள். எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் அப்படி இல்லை. போர் அடித்தால் ஜன்னல் வழியே பார்ப்பார்கள். சைதாப்பேட்டையில் விரிவுரையில் ஜெயித்த ராதாகிருஷ்ணனுக்கு இந்த வித்தியாசம் புரிந்திருந்ததா? அதற்குப் பதில் கிட்டத்தட்ட 40 வருடம் கழித்து வருகிறது.

நடுவில் ஒரு நீண்ட பயணம்

மாநிலக் கல்லூரியில் தொடங்கிய வேலை ஆந்திரப் பகுதிக்குப் போய், 1918இல் மைசூருக்கு வந்தது. 1921இல் கல்கத்தா பல்கலைக்கழகம் அழைத்தது. மைசூரை விட்டுக் கிளம்பிய நாளில் மாணவர்கள் குதிரைகளை அவிழ்த்துவிட்டு, பூ அலங்கரித்த வண்டியை ரயில் நிலையம் வரை தாங்களே இழுத்துப்போன கதை நிறைய பேருக்குத் தெரியும். மூன்றே வருடம் வேலை பார்த்த ஊரில் அவ்வளவு அன்பு.

பிறகு ஆந்திரப் பல்கலைக்கழகத் துணைவேந்தர், 1936இல் ஆக்ஸ்ஃபோர்டு பேராசிரியர், 1939 முதல் 1948 வரை பனாரஸ் இந்துப் பல்கலைக்கழகத் துணைவேந்தர். பயோடேட்டா நீண்டுகொண்டே போனது.

1949 அறிக்கை சொன்னது என்ன?

சுதந்திரம் கிடைத்த மறு வருடம், 1948 நவம்பரில், பல்கலைக்கழகக் கல்வியை ஆராய மத்திய அரசு ஒரு குழு அமைத்தது. தலைவர் ராதாகிருஷ்ணன். ஜாகிர் உசேன், மேகநாத் சாஹா, நம்ம ஊர் ஆ.லட்சுமணசாமி முதலியார் உள்ளிட்டோர் உறுப்பினர்கள். 1949 ஆகஸ்டில் அறிக்கை தயார்.

அதில் ஆசிரியர் பயிற்சி பற்றியும் ஒரு பகுதி இருக்கிறது. சுருக்கமாகச் சொன்னால் அது சொல்வது இதுதான்:

• பயிற்சிப் படிப்பில் பள்ளிக்குப் போய்ப் பாடம் நடத்தும் நேரத்தைக் கூட்ட வேண்டும்.

• மார்க் போடும்போதும் அந்த நடைமுறைப் பயிற்சிக்குக் கூடுதல் எடை தர வேண்டும்.

• பயிற்சிக்குப் பொருத்தமான பள்ளிகளைத் தேர்ந்தெடுக்க வேண்டும். போகிற பள்ளியில் என்ன நடைமுறை இருக்கிறதோ அதோடு ஒட்டிப்போய், அதில் சிறந்ததைச் செய்ய மாணவர்கள் பழக வேண்டும்.

• பயிற்சிக் கல்லூரி ஆசிரியர்களில் பெரும்பாலோர் பள்ளியில் நேரடியாகப் பாடம் நடத்தியவர்களாக இருக்க வேண்டும்.

• கல்விக் கோட்பாட்டுப் பாடங்கள் அந்தந்த ஊர்ச் சூழலுக்கு ஏற்ப வளைந்துகொடுக்க வேண்டும்.

கவனிச்சீங்களா? எல்.டி. படிப்பில் தியரியில் கொடிகட்டிப் பறந்தவர் அவர். விரிவுரை நடத்தியே புத்தகம் போட்டவர். அவர் தலைமை தாங்கிய குழுதான், தியரி போதாது, பள்ளிக்கூடத்துக்குப் போகச் சொல்லுங்கள் என்றது. தனக்கு எது எளிதாக வந்ததோ அதையே எல்லோருக்கும் பரிந்துரைக்கும் ஆசை எந்த நிபுணருக்கும் இருக்கும். இந்த அறிக்கை அந்தப் பக்கம் போகவில்லை.

20 வாரமும் ஜவ்வாது மலையும்

அந்தப் பரிந்துரை முழுமையாக நடைமுறைக்கு வரப் பல பத்தாண்டுகள் ஆயின. ஒரு வருட பி.எட்.டில் பள்ளிக்குப் போவது சில வாரங்களோடு முடிந்துவிடும். 2014இல் தேசிய ஆசிரியர் கல்விக் கவுன்சில் கொண்டுவந்த விதிமுறைகள்தான் பி.எட். படிப்பை இரண்டு வருடமாக்கின. பள்ளி சார்ந்த களப்பணி மொத்தம் 20 வாரம். முதல் வருடம் 4 வாரம், இரண்டாம் வருடம் 16 வார இன்டெர்ன்ஷிப்.

சரி, இந்த 20 வாரத்தை எங்கே செலவழிப்பது? வீட்டுக்குப் பக்கத்துப் பள்ளி, கையெழுத்துப் போட்டுத்தர ஒரு வழிகாட்டி ஆசிரியர், அழகாக அட்டை போட்ட ரெக்கார்டு நோட்டு. இதோடு முடித்துக்கொள்ளவும் முடியும். சான்றிதழ் வந்துவிடும். ஆனால் வேலை கிடைத்த முதல் நாளில் அந்த 12 நிமிடச் சிக்கல் அப்படியே காத்திருக்கும்.

ஜவ்வாது மலை மாதிரியான இடம் இதில்தான் வித்தியாசப்படுகிறது. திருவண்ணாமலை, வேலூர், திருப்பத்தூர் என மூன்று மாவட்டங்களில் பரவிக் கிடக்கும் மலை இது. மலையாளி பழங்குடி மக்களின் ஊர்கள். அரசு பழங்குடியினர் நல உண்டு உறைவிடப் பள்ளிகளில் பிள்ளைகள் தங்கிப் படிக்கிறார்கள். குடும்பத்திலேயே முதல் ஆளாகப் படிக்க வந்தவர்கள் உண்டு. மலைப் பேச்சு வேறு, புத்தகத் தமிழ் வேறு. சின்னப் பள்ளிகளில் ஒரே ஆசிரியர் ஒரே நேரத்தில் இரண்டு மூன்று வகுப்புகளைப் பார்க்க வேண்டியிருக்கும். எந்த லெசன் பிளான் டெம்ப்ளேட்டிலும் இதற்கு ஒரு கட்டம் கிடையாது.

பள்ளி நடைமுறையோடு ஒட்டிப்போகணும், ஊருக்கு ஏற்ப வளையணும் என்று 1949 அறிக்கை சொன்னதன் அர்த்தம் இங்கே வந்தால் சட்டென்று புரியும். மெட்ரோ ரயிலுக்குப் பதில் ஜமுனாமரத்தூர் பஸ்ஸை வைத்து அதே கணக்கைப் போடலாம். எடை, அளவு நடத்த சாமையும் புளியும் இருக்கின்றன. விண்வெளிப் பாடமா? மலைமேல் காவலூரில் 2.34 மீட்டர் விட்டமுள்ள வைணு பாப்பு தொலைநோக்கியே இருக்கிறது. நாட்டின் முக்கியமான தொலைநோக்கிகளில் ஒன்று, இந்தப் பிள்ளைகளின் பக்கத்து ஊர்.

இதையெல்லாம் சைதாப்பேட்டையில் உட்கார்ந்து கற்றுக்கொள்ள முடியாது. நாலு பிள்ளைகளிடம் பேசி, ஒரு பாடம் சொதப்பி, ராத்திரி யோசித்து, மறுநாள் மாற்றி நடத்தினால்தான் வரும். 16 வாரம் என்பது அப்படிச் சொதப்பவும் திருத்தவும் கிடைக்கும் அவகாசம்.

ஆசிரியர் தினம் எப்படி வந்தது?

1952இல் குடியரசு துணைத் தலைவர், 1954இல் பாரத ரத்னா, 1962இல் குடியரசுத் தலைவர். அந்த வருடம் பழைய மாணவர்களும் நண்பர்களும் அவருடைய பிறந்தநாளைக் கொண்டாட விரும்பினார்கள். தன் பெயரில் விழா வேண்டாம், ஆசிரியர்களுக்கான நாளாக வைத்துக்கொள்ளுங்கள் என்று கேட்டுக்கொண்டார். அன்றிலிருந்து செப்டம்பர் 5 ஆசிரியர் தினம். 1975 ஏப்ரல் 17 அன்று சென்னையில் காலமானார்.

ஒவ்வொரு செப்டம்பர் 5 அன்றும் தலைப்பாகை கட்டிய குடியரசுத் தலைவரின் படத்துக்குத்தான் மாலை போடுகிறோம். இருபது வயதைச் சற்றே தாண்டி, சைதாப்பேட்டையில் சகாக்கள் முன்னால் நின்ற டிரெயினிக்குப் படமும் இல்லை, மாலையும் இல்லை. ஜமுனாமரத்தூர் பஸ்ஸில் லெசன் பிளானைத் திருப்பிப் பார்த்துக்கொண்டு போகிறவருக்கு நெருக்கமானவர் அந்த டிரெயினிதான். முதல் பாடம் 12 நிமிடத்தில் தீர்ந்துபோனால் பரவாயில்லை. நாளைக்கும் அதே வகுப்பு இருக்கிறது.